இருபது வெள்ளியில் ஒரு கணக்கு

(சங்கத்தின் குடும்ப நாள் நிகழ்ச்சியில், மகளிர் பிரிவின் கேள்வி-பதில் அங்கத்திற்கு முன் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



"அடிப்படை வங்கிக் கணக்கு: நன்மைகளும் குறைகளும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதற்கு வங்கியில் வேலை செய்பவர் யாரையாவது அழைக்கலாமே என்று கேட்டேன். "அவர் வந்தால் நன்மைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். குறைகளைச் சொல்ல கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆள்தான் வேண்டும்" என்று மகளிர் பிரிவினர் சொல்லிவிட்டார்கள். நியாயமான பதில். மறுக்க முடியவில்லை.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. பாலிடெக்னிக்கில் மின்சாரத் துறையில் டிப்ளோமா வாங்கிவிட்டு, அத்தாவுக்குத் துணையாக பினாங்குக் கடையில் உட்கார்ந்தவன். மளிகைச் சாமானும் மசாலாவும் மொத்தமாக விற்கிறோம். உணவுக்கடைக்காரர்கள், வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் அம்மாமார்கள், பசார் மாலாம் வியாபாரிகள் எல்லாரும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள். பணம் எப்படி வருகிறது, எங்கே தங்குகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

நம் பெரியவர்கள் பணத்தை வைத்திருந்த விதம்

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மார்களில் பலர் வேலை செய்த கடையின் மாடியிலேயே படுத்தார்கள். சம்பளத்தை முதலாளியிடமே விட்டு வைத்தார்கள். கடைப் பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்து மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். இடையில் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் உண்டியல். எல்லாமே வாய்ச்சொல்லில் நடந்தது. பெரும்பாலும் நேர்மையாகவும் நடந்தது. அதை நாம் குறைவாகப் பேசக்கூடாது.

பெண்களுக்கு வேறு வழிகள் இருந்தன. அரிசிப் பானை, மிலோ டின், அலமாரியில் புடவை மடிப்பு. கொஞ்சம் சேர்ந்ததும் நகை. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு நூறாகப் போட்டு, முறை வைத்து ஆயிரமாக எடுக்கும் கூட்டு. மலாய்க்காரர்கள் "குட்டு" என்று சொல்வது நம்முடைய இந்தக் 'கூட்டு' என்ற சொல்லைத்தான். 1971-இல் நாடாளுமன்றம் இதைத் தடை செய்து சட்டம் போட்டபோது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் ஏறிவிட்டது. நம் மொழியிலிருந்து ஒரு சொல் மலேசியச் சட்டப் புத்தகத்துக்குப் போயிருக்கிறது. போன இடம்தான் தடைச்சட்டம்! சிரிக்கிறீர்கள். ஆனால் இன்றும் பல வீடுகளில் கூட்டு நடக்கிறது. நடத்துகிறவர் நல்லவராக இருக்கலாம். யாராவது ஒருவர் முதல் மாதமே எடுத்துக்கொண்டு ஊர் மாறிப் போய்விட்டால், புகார் கொடுக்கப் போகிறவரே சட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

பேரேடு, பானை, கூட்டு ஆகிய மூன்றுக்கும் முதலீடு நம்பிக்கை. மூன்றும் உடைகிற இடமும் ஒன்றுதான். நம்பிய மனிதர் இல்லாமல் போகும் நாளில், "இது என் பணம்" என்று காட்ட உங்கள் கையில் உங்கள் பெயர் போட்ட காகிதம் எதுவும் இருக்காது. வங்கிக் கணக்கு தருவது முதலில் அந்தக் காகிதத்தைத்தான். வட்டி, லாபம், அட்டை, செயலி எல்லாம் அதற்குப் பிறகு.

அடிப்படைக் கணக்கு என்பது என்ன?

நம் நாட்டில் வங்கிகள் சாதாரண மக்களுக்குக் குறைந்த செலவில் ஒரு சேமிப்புக் கணக்கு கொடுக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் ஏற்பாடு. ஆங்கிலத்தில் 'பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட்', மலாயில் 'அக்காவுன் சிம்பானான் அசாஸ்'. மலேசியக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களும் திறக்கலாம். அடையாள அட்டையும் 20 வெள்ளியும் போதும். சம்பளச் சீட்டு இல்லாத இல்லத்தரசியும் திறக்கலாம்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்தக் கணக்கிற்கு வங்கியின் கண்ணாடியில் பெரிய விளம்பரம் ஒட்டியிருக்காது. கடன் அட்டைக்கும் கார் கடனுக்கும்தான் ஒட்டியிருக்கும். நீங்களாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் கடையிலும் அப்படித்தான்: லாபம் அதிகமுள்ள சாமான் கண் உயரத்தில் இருக்கும், மலிவான நல்ல சாமான் கீழ்த்தட்டில் இருக்கும். குனிந்து எடுக்கிறவர் கெட்டிக்காரர்.

நன்மைகள்

முதலாவது, இதை வைத்திருக்கச் செலவு மிகக் குறைவு. பல வங்கிகளில் வேறு வகைக் கணக்குகளுக்கு ஆரம்ப வைப்புத்தொகை இதைவிடப் பல மடங்கு. கையில் 20 வெள்ளி மட்டும் இருப்பவரும் கௌரவமாக உள்ளே போய் உட்காரக்கூடிய கணக்கு இது.

இரண்டாவது, நாடு இப்போது பணம் கொடுப்பதெல்லாம் கணக்கு வழியாகத்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்போது 'பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல்' உதவியில், மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி அறிவித்தார்கள்; ஏப்ரலில் 1,000, மே மாதத்தில் 600. கணக்கு இருந்தவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பணம் ஏறியது. கணக்கு இல்லாதவர்கள், வெளியே போகவே பயந்த அந்த நாள்களில், பேங்க் சிம்பானான் நேஷனல் கிளைக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றவர்களில் வயதானவர்களே அதிகம் என்பதை எங்கள் தெருவில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, சம்பளம். வேலைச் சட்டப்படி ஊழியரின் சம்பளம் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும் என்பதுதான் பொது விதி. ரொக்கமாக வேண்டுமென்றால் ஊழியரே எழுத்து மூலம் கேட்க வேண்டும், தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் வேண்டும். உணவுக்கடை நடத்தும் முதலாளிமார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கணக்கு வழியாகக் கொடுத்தால், "சம்பளம் வரவில்லை" என்று நாளை ஒரு பேச்சு எழும்போது உங்களுக்கும் ஆதாரம் இருக்கும், அவருக்கும் ஆதாரம் இருக்கும்.

நான்காவது, பாதுகாப்பு. வணிக வங்கியோ இஸ்லாமிய வங்கியோ மூழ்கிப்போனால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். 2005 முதல் பிஐடிஎம் எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் இருக்கிறது. ஒருவருக்கு ஓர் உறுப்பு வங்கியில் 250,000 வெள்ளி வரை காப்பு உண்டு. இஸ்லாமிய வைப்புத்தொகைக்குத் தனிக் காப்பு. இதற்கு நாம் எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. கணக்கு அடிப்படைக் கணக்கு என்பதால் காப்பு குறைந்துவிடாது. மிலோ டின்னுக்கு இப்படிக் காப்பு கொடுக்க யார் இருக்கிறார்கள்?

ஐந்தாவது, நம்மில் பலருக்கு முக்கியமான விஷயம். "வட்டி வருமே, மாமா" என்று சொல்லி வங்கிப் பக்கமே போகாதவர்கள் நம் சமூகத்தில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காரணம் இந்த நாட்டில் தீர்ந்து பல காலம் ஆகிறது. ஹஜ்ஜுக்குப் போக நினைக்கும் முஸ்லிம்கள் வட்டி கலக்காமல் பணம் சேர்க்க வழி வேண்டும் என்று உங்கு அசிஸ் 1959-இல் யோசனை முன்வைத்தார். அதிலிருந்து 1963-இல் பிறந்ததுதான் இன்றைய தாபோங் ஹாஜி. 1983-இல் பேங்க் இஸ்லாம் வந்தது. இன்று பெரும்பாலான வங்கிகளில் அடிப்படைக் கணக்குக்கும் இஸ்லாமிய வடிவம் உண்டு. கணக்கின் பெயருக்குக் கடைசியில் 'ஐ' என்ற ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பார்கள். அதுதான் அடையாளம். அதோடு நிறுத்தாமல், உங்கள் பணத்தை எந்த ஒப்பந்தத்தின் கீழ் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்: அமானிதமாகவா, கடனாகவா, லாபத்தில் பங்கு என்றா? சில ஒப்பந்தங்களில் வங்கி விரும்பினால் ஹிபாவாக ஏதாவது கொடுக்கும். முன்கூட்டியே வாக்குக் கொடுக்காது. இதைக் கேட்பது உங்கள் உரிமை. கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆறாவது, பணம் அனுப்புவது. 2018 ஜூலை முதல் தனிநபர்கள் இணையம் வழியாக 5,000 வெள்ளி வரை உடனடியாக அனுப்புவதற்கு இருந்த 50 காசுக் கட்டணம் நீக்கப்பட்டது. கோலாலம்பூரில் படிக்கும் மகளுக்கு 30 வெள்ளி அனுப்ப இப்போது யாரையும் கெஞ்ச வேண்டாம். கைப்பேசிப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2012 முதல் பேங்க் சிம்பானான் நேஷனல் முகவர் முறையை நடத்துகிறது; மளிகைக் கடை, சிறு கடைகளிலேயே பணம் போடலாம், எடுக்கலாம், பில் கட்டலாம். வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி.

குறைகள்

இனி மறுபக்கம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவனாகச் சொல்ல வேண்டியவை இவை.

ஒன்று, எண்ணிக்கை. கவுண்டருக்குப் போவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது போன்றவை மாதத்துக்கு இத்தனை முறை இலவசம் என்று வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் கட்டணம். வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 1 வெள்ளி போகும். ஒரு வெள்ளிதானே என்று நினைக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஐம்பது ஐம்பதாக எடுப்பவருக்கு ஆண்டில் நூறு வெள்ளிக்கு மேல் போய்விடும். கணக்கு திறக்கும் அன்றே வரம்புகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

இரண்டு, பணம் வளராது. பத்து ஆண்டுக்கு முன் போட்ட 1,000 வெள்ளி இன்றும் 1,000 வெள்ளியும் சில்லறையுமாகத்தான் இருக்கும். நாசி கண்டார் தட்டின் விலை அப்படி இருக்கிறதா? ஆகவே இது பணத்தை வளர்க்கும் இடம் அல்ல. மாதச் செலவும் மூன்று மாத அவசரத் தேவையும் இருக்க வேண்டிய இடம். அதற்கு மேல் சேர்ந்தால் வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஹஜ் பதிவுக்கு தாபோங் ஹாஜியில் 1,300 வெள்ளி இருக்க வேண்டும். இன்று பதிவு செய்பவருக்கு முறை வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அப்படியிருக்க, பிள்ளைகளுக்கு முப்பது வயதாகட்டும் என்று காத்திருக்கலாமா?

மூன்று, இது கடை நடத்துவதற்கான கணக்கு அல்ல. வீட்டிலிருந்து பலகாரம் விற்கும் ஒரு சகோதரி எங்களிடம் வாடிக்கையாகச் சாமான் வாங்குகிறார். நோன்பு மாதத்தில் அவருக்கு வியாபாரம் பல மடங்கு. எல்லாப் பணமும் அவருடைய சொந்தக் கணக்கிலேயே வந்து விழுகிறது. வீட்டு வாடகையும் பிள்ளையின் டியூஷன் பணமும் அதிலிருந்தே போகிறது. பெருநாள் முடிந்து லாபம் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வியாபாரக் கடனுக்குப் போனால் வங்கி ஆறு மாதக் கணக்கு அறிக்கை கேட்கும். அறிக்கையில் மாவும் சீனியும் வாடகையும் கலந்து கிடக்கும். வியாபாரம் சின்னதாக இருக்கும்வரை பரவாயில்லை. மாதாமாதம் நிலையாக விற்பனை நடக்கத் தொடங்கிவிட்டால் வியாபாரத்தைப் பதிவு செய்து தனிக் கணக்கு திறப்பதுதான் முறை. ஸக்காத் கணக்கிடவும் வருமான வரி கட்டவும் அதுவே சுலபம்.

நான்கு, தூங்கும் கணக்கு. ஓராண்டு வரை போடுவதும் எடுப்பதும் இல்லாவிட்டால் வங்கி அதை அசைவில்லாத கணக்கு என்று ஒதுக்கிவிடும். பிறகு ஆண்டுக்கு 10 வெள்ளி கழிப்பது பொதுவான வழக்கம். 20 வெள்ளியோடு தொடங்கி மறந்துபோன கணக்கு எத்தனை ஆண்டு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பெரிய தொகையாக இருந்து பல ஆண்டுகள் அசைவில்லாமல் கிடந்தால், 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர் அலுவலகத்துக்குப் போகும். திரும்பக் கேட்டு வாங்கலாம். ஆனால் பணம் இருக்கிறது என்று தெரிந்தவர்தானே கேட்க முடியும்? மௌத்தான பெரியவர்களின் பெயரில் இப்படிப் பணம் இருக்கிறதா என்று தேட 'இகுமிஸ்' என்ற அரசாங்க இணையத்தளம் இருக்கிறது. இன்று இரவே வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லித் தேடிப் பாருங்கள்.

ஐந்து, இதுதான் எனக்கு அதிகப் பயம். திறப்பது சுலபம் என்பதால் ஏமாற்றுக்காரர்களுக்கும் இத்தகைய கணக்குகள் மேல்தான் கண். "உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, முன்னூறு வெள்ளி தருகிறேன்" என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். மலாயில் 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்று இதற்குப் பெயர். மற்றவன் திருடிய பணத்தைச் சுமப்பது உங்கள் பிள்ளையின் பெயர். காவல்துறை முதலில் வந்து நிற்பதும் உங்கள் வீட்டு வாசலில்தான். கூட்டாளிக்கு உதவினேன் என்ற பதில் அங்கே செல்லாது. அட்டையையும் இரகசிய எண்ணையும் எவருக்கும் கொடுக்கக்கூடாது. மருமகனுக்கும் கூடாது, சங்கத்தின் பெயரைச் சொல்லி வருபவருக்கும் கூடாது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும்.

யார் பெயரில்?

நன்மை குறைகளைச் சொல்லிவிட்டேன். ஆனால் இவற்றைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன். அது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது.

நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "கணக்கு இருக்கிறதா மாமி?" என்றால், "இருக்கிறதே, உங்கள் மாமா பெயரில்" என்பார்கள். அட்டை அவர்கள் கைப்பையில் இருக்கும். எண்ணும் தெரியும். நாற்பது ஆண்டாக அப்படித்தான் வீடு நடக்கிறது. ஒரு குறையும் இல்லை, மாமா இருக்கும்வரை.

வேறு ஊரில் எங்களிடம் சரக்கு வாங்கிய ஒருவர் திடீரென்று மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒட்டுக்கடை வைத்திருந்தவர். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். குடும்பத்தின் பணம் முழுவதும் அவர் பெயரில் ஒரே கணக்கில். மரணச் செய்தி கிடைத்ததும் வங்கி கணக்கை முடக்கியது. அது வங்கியின் கொடுமை அல்ல, அதுதான் விதி. "தெரிவிப்பதற்கு முன்பே அட்டையைப் போட்டு எடுத்திருக்கலாமே" என்று சிலர் அந்த அம்மாவிடம் சொன்னார்கள். அவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "அது இப்போது அவர் பணம் இல்லை தம்பி, வாரிசுகள் பணம். என் மாமியாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. நான் எப்படித் தொடுவேன்?"

சரியான பதில். ஜனாஸாச் செலவு, கடன், மரண சாசனம் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் அது, எல்லாம் போக மீதிதான் வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அதை நில அலுவலகமோ, அமானா ராயாவோ, நீதிமன்றமோ, சொத்தின் தன்மையைப் பொறுத்து முடித்துக் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

அதற்குள் அவருக்கு உதவி வராமல் இல்லை. அந்த ஊர் ஜமாஅத் மரண உதவி நிதியிலிருந்து அவர் பெயருக்கு ஒரு காசோலை கொடுத்தது, முறைப்படி குறுக்குக் கோடு போட்டு. குறுக்குக் கோடு போட்ட காசோலையைக் கணக்கில்தான் போட முடியும். அவருக்கோ சொந்தமாகக் கணக்கே இல்லை! ஐம்பது வயதில், இத்தாவில் இருக்கும் ஒரு பெண், தேவையின் பொருட்டு வெளியே போகலாமா என்று ஆலிமிடம் கேட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வங்கியில் கணக்கு திறக்கப் போனார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியதாக மகன் சொன்னான். அதுவரை காசோலை குர்ஆனுக்குப் பக்கத்தில், அலமாரியில் கிடந்தது. வீட்டில் அரிசிக்கு எங்கள் கடைப் பற்றுவரவு ஓடியது.

20 வெள்ளியில், ஒரு காலைப் பொழுதில், அவர் கணவர் உயிரோடு இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இஸ்லாம் பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டது என்று நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அவளுடைய மஹர் அவளுக்கு, அவள் சம்பாதித்தது அவளுக்கு. பேசுவது சரி. அந்த மஹரும் பலகாரம் விற்ற காசும் பெற்றோர் விட்டுப்போன பங்கும் இப்போது யார் பெயரில் இருக்கின்றன? மாமா பெயரில் இருந்தால், அவருக்குப் பிறகு அது அவர் சொத்தோடு சேர்த்து எண்ணப்படும். "இதில் பாதி என் பணம்" என்று மாமி சொல்லலாம். ஆதாரம் கேட்பார்கள்.

அவர் பெயரில் தனிக் கணக்கு இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். கணவர் போடும் பணத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசித் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: இது உனக்கு ஹிபா, இது வீட்டுச் செலவுக்கு அமானிதம் என்று. இரண்டு வரி எழுதி வைத்தால் பிள்ளைகளுக்குள் பின்னால் மனத்தாங்கல் வராது. கூட்டுக் கணக்கு போதாதா என்று கேட்பீர்கள். ஒருவர் இறந்தபின் மற்றவர் அதிலிருந்து எடுக்கலாமா என்பது வங்கிக்கு வங்கி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். ஆகவே கூட்டுக் கணக்கு இருந்தாலும் தனியாக ஒன்று இருக்கட்டும்.

"மனைவிக்குத் தனிக் கணக்கா? அப்படியென்றால் என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கும் நானாமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கடையில் நம்பிக்கையான ஆளுக்கும் ரசீது போட்டுத்தான் சரக்குக் கொடுக்கிறீர்கள். அவர் மேல் நம்பிக்கை இல்லாமலா? உங்களுக்குப் பிறகு அந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டாமல் ஆறு மாதம் நிற்க வேண்டும் என்று நினைப்பதும் ஒருவகைப் பாசம்தான்.

என்ன செய்யலாம்?

நான் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் ஒன்றும் நடக்காது.

முதலில், இந்த வாரமே குடும்பமாக உட்கார்ந்து ஒரு தாள் எழுதுங்கள். யார் பெயரில், எந்த வங்கியில், எந்தக் கிளையில் கணக்கு. தாபோங் ஹாஜி, சேமநிதி, காப்புறுதி எல்லாம் அதில் வரட்டும். இரகசிய எண்ணை மட்டும் எழுத வேண்டாம். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பதினெட்டு வயது நிறைந்தவர்களில் சொந்தக் கணக்கு இல்லாதவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது நன்னியாகவோ அம்மாவாகவோ மருமகளாகவோ இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். அட்டை அவர் கையில்தான் இருக்க வேண்டும். எண்ணை அவரே அழுத்தப் பழக வேண்டும். பத்து முறை தப்பாகக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். நமக்கு அலிஃப் பா சொல்லிக் கொடுத்தபோது அவர்கள் எத்தனை முறை பொறுத்தார்கள்?

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை எல்லாக் கணக்கையும் தட்டி எழுப்புங்கள். நம்மில் பலர் ரமலானில் ஸக்காத் கணக்குப் பார்க்கிறோம். அன்றே எல்லாக் கணக்கிலும் 10 வெள்ளி போட்டு எடுத்தால், எந்தக் கணக்கும் தூங்காது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் இளைஞர் பிரிவில் கைப்பேசியைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு காலைப்பொழுது, தனியாக வங்கிக்குப் போகத் தயங்கும் பெரியவர்களோடு அவர்கள் கூடப் போகட்டும். படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும். அட்டையையோ எண்ணையோ தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. நம் மரண உதவி நிதிப் படிவத்தில், உதவி பெறப்போகும் மனைவியின் சொந்தக் கணக்கு எண் எழுத ஒரு கட்டம் சேர்க்கலாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அந்த வீட்டுக்கு நாம் முன்கூட்டியே போக வேண்டும் என்று அர்த்தம்.

ஐம்பது ஆண்டுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் ஆளுக்குச் சில வெள்ளி சந்தா போட்டு, அதற்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்து, கணக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவரையொருவர் நம்பியவர்கள்தான் அவர்கள். ஆனாலும் எழுதி வைத்தார்கள். அதே ஒழுங்கு நம் ஒவ்வொரு வீட்டிலும், வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் வர வேண்டும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

கேள்விகள் இருந்தால் மகளிர் பிரிவினரிடம் எழுதிக் கொடுங்கள், தேநீருக்குப் பிறகு பேசுவோம். நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நமக்குப் பின் நம் குடும்பத்தார் யாரிடமும் தேவையாகி நிற்காமல் காப்பானாக, ஆமீன்.